தெள்ளுப்பூச்சியின் முழுப்பெயர்

சாந்தா ருஃபினாவில் பூல்காவைத் தெரியாதவர் உண்டா என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய்க் குடிநீர் மீட்டர் படித்தவள் அவள். உயரம் நாலடி பத்தங்குலம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு வீட்டில் நாய் துரத்த, ஒரே தாவலில் கம்பிவேலியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கொல்லையில் விழுந்தாள். அங்கேயும் ஒரு நாய். அதற்கும் அடுத்த வேலி. இப்படி நாலு வேலி தாண்டித் தெருவில் வந்து நின்றவளைப் பார்த்து மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். தெள்ளுப்பூச்சி கெட்டது போ என்றார். எங்கள் ஸ்பானிஷ் பேச்சில் தெள்ளுப்பூச்சிக்குப் பூல்கா என்று பெயர். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு அவளை விடவேயில்லை.

பட்டப்பெயர் வைப்பதில் டெக்சஸ் தெற்குக் கோடியிலேயே எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூக்கன், நெட்டை, பூனைக்கண்ணி, ஆறுவிரல் என்று தெருவுக்குப் பத்துப் பேர். செய்தித்தாளில் சாவு அறிவிப்புப் போட்டால்கூடப் பட்டப்பெயரையும் சேர்த்துப் போட்டால்தான் செத்தது யார் என்று விளங்கும். இல்லாவிட்டால் பாவம், துக்கத்துக்கு வரவேண்டியவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த பூல்காதான் அந்தத் தப்பைச் செய்தாள்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊரின் தெற்குப் பக்கத்தில் ஜூலை பிறந்தால் குழாய்த் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும். வெள்ளைத் துணி துவைத்தவர்கள் வாயில் வருவதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பூமிக்குள் இருப்பது அறுபது வருடத்துக் குழாய்கள். நகரமன்றம் ஒருவழியாகப் புதுக் குழாய் போடத் தீர்மானித்தது. ஆனால் நெடுஞ்சாலை ஓரம் வரப்போகும் புதுக் கடைத்தொகுதிக்கு முதலில், தெற்குக்கு அப்புறம் பார்க்கலாம் என்று வரிசை போட்டது. அந்தக் கூட்டத்தில் பூல்கா எழுந்து நின்றாள். எந்தத் தெருவில், எந்த வீட்டுக்கு எதிரே, எந்த வருடம் குழாய் வெடித்தது என்று கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்தான். மணி அடித்தது, உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மேயர் தேர்தலுக்கு நிற்கப்போகிறேன் என்று கணவர் லிப்ராதோவிடம் சொன்னாள். லிப்ராதோ குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி. கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "சரி" என்றார். பிறகு திருப்புளியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நகரமன்ற அலுவலகத்துக்குப் போய் மனுப் படிவம் வாங்கினாள். எங்கள் ஊர்த் தேர்தலில் கட்சி கிடையாது, சின்னம் கிடையாது. வாக்குச் சீட்டில் வெறும் பெயர்கள்தான் வரிசையாக இருக்கும். படிவத்தில் முழுப்பெயர் எழுத ஒரு வரி, ஊர் அழைக்கிற பெயர் எழுத அதற்குக் கீழே இன்னொரு வரி. அங்கிருந்த எழுத்தர் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு, "ரெண்டாவது வரியில பூல்கான்னு போட்டுரலாமாக்கா?" என்று கேட்டாள். நல்ல பெண், உதவியாகத்தான் கேட்டாள்.

பூல்காவுக்கு எங்கே சுட்டதோ சுட்டுவிட்டது. அதே கட்டடத்தில்தான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தாள். அதே நடைவழியில்தான் மேலதிகாரிகள், "ஏய் பூல்கா" என்று கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டி, சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார்கள். அதில் தங்க எழுத்தில், "பூல்கா ஒச்சோவாவுக்கு நன்றியுடன்" என்று இருந்தது. மாதாமாதம் சம்பளச் சீட்டில் அச்சடித்த பெயரை, ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். பத்திரத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"வேண்டாம், அந்த வரி காலியாவே இருக்கட்டும்" என்றாள் எழுத்தரிடம். மேல் வரியில் தன் கையால், கொட்டை எழுத்தில், எர்மெனெஹில்டா ஒச்சோவா என்று எழுதினாள்.

வாயில் நுழைகிற பெயரா இது? ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி பிறந்தாள். சமையலறையில் தொங்கிய நாட்காட்டியில் அன்றைய புனிதர் யார் என்று அவள் அம்மா பார்த்தாள். எர்மெனெஹில்டோ என்று போட்டிருந்தது. பிறந்தது பெண், கடைசி எழுத்தை மாற்றி வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் ஒரே வாரத்தில் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் அம்மா மட்டும் அதை ஒருநாளும் சுருக்கியதில்லை. சாப்பிட வரச் சொல்லித் தெருக்கோடிக்குக் கத்தினாலும் முழுப்பெயரையும் கத்துவாள். அம்மா இறந்தபோது பூல்காவுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. லிப்ராதோவுக்கு அவள் எப்போதும் குள்ளிதான்.

மே மாதம் முதல் சனிக்கிழமை தேர்தல். மேயர் பதவிக்கு எட்டுப் பேர். விழுந்த வாக்கில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் மேயர்; இல்லாவிட்டால் முதல் இரண்டு பேருக்குள் ஜூனில் இரண்டாம் சுற்று. பல் டாக்டர் ரமிரோ லெயோஸ் இரண்டாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு வாங்கி முதலில் வந்தார். ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் விளம்பரப் பலகையில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பவர் அவர்தான். பூல்கா ஆயிரத்து முந்நூற்றாறு வாங்கி, மூன்றாவது ஆளைவிடப் பத்தொன்பதே வாக்கு கூடுதலாக, மயிரிழையில் இரண்டாவதாக வந்தாள்.

எங்கள் எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. தெற்குப் பக்கம் முழுக்க அவளுடையது என்று நினைத்திருந்தோமே, எங்கே போயிற்று அந்த வாக்கெல்லாம்? பத்து நாள் கழித்து நகரமன்றத்தில் அதிகாரபூர்வக் கணக்கை வாசித்தபோது விடை வந்தது. மற்ற எல்லாப் பதவிக்கும் வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு, மேயருக்கு மட்டும் ஒன்றுமே குறிக்காத சீட்டுகள் அறுநூற்று நாற்பது. ஏறக்குறைய எல்லாமே தெற்குப் பக்கத்துச் சாவடிகளில் விழுந்தவை. ஓரத்தில் இடம் கண்டுபிடித்து, "பூல்கா" என்று கொட்டை எழுத்தில் எழுதியவர்களும் உண்டு. அது செல்லாது. எட்டுப் பெயரையும் மேலும் கீழும் தேடியிருக்கிறார்கள். தெள்ளுப்பூச்சியைக் காணவில்லை. நின்றாளா இல்லையா என்ற குழப்பத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தேர்தல் வேலை நடந்தது அம்பாரோவின் அழகு நிலையத்தில். அம்பாரோ பூல்காவோடு முதல் வகுப்பிலிருந்து படித்தவள். கத்திரிக்கோலைவிட நாக்கு கூர்மை. வாடிக்கையாளர் ஒருத்தியின் தலையில் சாயம் பாதி ஏறியிருக்கும்போது அம்பாரோவுக்கு இந்தச் செய்தி வந்தது. சாயத் தூரிகையோடு திரும்பிப் பூல்காவைப் பிடித்துக்கொண்டாள்.

"அறுநூத்தி நாப்பதுடி! அந்தப் பொண்ணு எழுதட்டுமான்னு கேட்டாளாமே, வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

அன்று சாயங்காலமே பூல்கா அலுவலகத்துக்குப் போய், இரண்டாம் சுற்றுச் சீட்டில் பட்டப்பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். முடியாது, மனுவில் எழுதியது எழுதியதுதான் என்றார்கள். இன்னும் நாலு வாரம் இருந்தது.

அம்பாரோ சும்மா இருக்கிறவளா? சுருக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். ரமிரோ லெயோஸ் என்பது சின்னப் பெயர். சீட்டில் இரண்டே பேர்தான் இருக்கப்போகிறார்கள். நீளமான பெயருக்குப் போடு என்று வீடு வீடாகச் சொன்னால் போதும், ஒருத்தரும் பெயரைப் படிக்கவே வேண்டாம். கேட்ட எல்லோருக்கும் இது பிடித்திருந்தது. பூல்கா மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீளமா இருக்குன்னு தெரிஞ்சா பத்தாது. சொல்லத் தெரியணும்."

"எதுக்கு?"

"என் பேருங்கிறதுக்கு."

அம்பாரோவுக்குக் கோபம் தலைக்கேறியது. "உனக்கு மேயர் நாற்காலி வேணுமா, இல்ல இன்னொரு தடவை ஞானஸ்நானம் வேணுமா? ஒண்ணைச் சொல்லு. தெற்குல ஜனம் சேத்துத் தண்ணில குளிச்சிட்டு இருக்கு, நீ பேருக்கு மல்லுக்கட்டற!"

சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். பூல்கா அன்று இரண்டு மணி நேரம் கூந்தல் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு, அம்பாரோவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் பயம்தான். தன் வீம்பால் தெற்குப் பக்கம் தோற்றால் அந்தத் தெருக்களில் எந்த முகத்தோடு நடப்பது என்று இரவெல்லாம் யோசித்ததாகச் சொன்னாள். ஆனால் அந்த அலுவலகத்தில் தெற்குப் பக்கத்துக்காரர் யாருக்குமே பெயர் கிடையாது, கவனிச்சியா என்று கேட்டாள். மூக்கன், நெட்டை, பூல்கா. காகிதத்தில் வரவேண்டிய இடத்தில் நாம் இல்லை, அதனால்தான் குழாய் வரிசையிலும் கடைசி.

"எங்கம்மா கத்துன மாதிரி ஊரு ஒரு தடவை கத்தணும்டி" என்றாள். "ஒரே ஒரு தடவை."

அம்பாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி தொலை, என்று எழுந்து போனாள். ஆனால் ஊருக்குக் கற்றுக்கொடுக்கிற வழி இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அந்த வழியைத் திறந்துவிட்டவர், நம்ப மாட்டீர்கள், பல் டாக்டர்தான்.

உள்ளூர் வானொலியில் பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு வேட்பாளர்களையும் அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். டாக்டர் லெயோஸ் கெட்டவர் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு வாரம் இலவசமாகப் பல் பார்ப்பவர். சாலை, விளக்கு, பூங்கா எல்லாம் பேசிவிட்டு, முடிக்கும்போது ஒரு வேடிக்கையும் செய்துகொள்ளலாம் என்று நினைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்ங்க. ஊரு பூரா பூல்கா, பூல்காங்குது. சீட்டை எடுத்துப் பார்த்தா அப்படி ஒரு ஆளே இல்ல. என்னை எதிர்த்து நிக்கிறது யாருன்னு எனக்கே இன்னும் தெரியல."

வானொலி நிலையத்தில் சிரித்தார்கள். எல்லோரும் வானொலியைச் சுற்றி நின்ற அழகு நிலையத்தில் யாரோ சீப்பைக் கீழே போட்டார்கள். பூல்காவின் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"டாக்டர், உங்க வீட்டு மீட்டர் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடியில இருக்கு. இருபத்தெட்டு வருஷம், மாசம் ஒரு தடவை வந்திருக்கேன். உங்க வீட்டு நாய் மூணும் எனக்குத் தெரியும். கெய்சர், லூனா, வாலில்லாத அந்தக் கிழடு மோச்சோ. என் பேரு உங்களுக்குத் தெரியல. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எர். மெ. நெ. ஹில். டா. எர்மெனெஹில்டா ஒச்சோவா. எங்கம்மா வெச்ச பேரு."

அறிவிப்பாளர் நிலைமையைச் சமாளிக்க, நன்றி திருமதி எர்மெ, எர்மெலெ, எர்மென்கில் என்று உளறிக்கொட்டினார். நேரலை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவை முயன்று, மூன்றாம் தடவை சரியாகச் சொல்லிவிட்டார். சொன்னதும் அவரே கைதட்டிக்கொண்டார்.

அன்று மாலைக்குள் சாந்தா ருஃபினாவில் நாக்கைச் சுழற்றாத ஆளில்லை. ரொட்டிக் கடையில் ஒருவர் மற்றவரைச் சோதித்தார்கள். டயர்க் கடையில் பந்தயம் கட்டினார்கள். அம்பாரோ தன் கடையில் புதுச் சட்டமே போட்டாள்: தலையை அலசத் தொட்டியில் சாய்ந்தவள், கண்ணில் சோப்பு வழிந்தாலும் சரி, பெயரைப் பிழையில்லாமல் சொன்னால்தான் துண்டு கிடைக்கும்.

உண்மையான காரியத்தைச் செய்தவர் லிப்ராதோ. புதன்கிழமை தோறும் தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் லொத்தெரியா ஆட்டம் நடக்கும். சேவல், ஏணி, நிலா, தவளை என்று படம் போட்ட சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி ஒருவர் கூவுவார். தங்கள் அட்டையில் அந்தப் படம் இருப்பவர்கள் அதன்மேல் ஒரு பயற்றங்கொட்டையை வைப்பார்கள்; கட்டங்கள் முதலில் நிறைந்தவருக்கு வெற்றி. பதினைந்து வருடமாக அங்கே கூவுகிறவர் லிப்ராதோதான். வீட்டில் ஊமையாக இருக்கிற மனிதர் அந்த மேடை ஏறினால் வேறு ஆள். ஒவ்வொரு படத்துக்கும் அடுக்குமொழியும் கிண்டலும் அவிழ்த்துவிடுவார். ஒரு புதன்கிழமை, மனைவியிடம்கூடச் சொல்லாமல், தானே வரைந்த அட்டைகளையும் புதுச் சீட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். படத்தில் தொப்பி வைத்த தெள்ளுப்பூச்சி ஒன்று வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே முழுப்பெயர். விதி என்னவென்றால், அந்தச் சீட்டு வந்ததும் முழுப்பெயரையும் சேர்ந்து கத்தவேண்டும். பூல்கா என்று வாய் தவறியவர் அட்டையிலிருக்கிற கொட்டை மொத்தமும் பறிபோகும்.

முதல் வாரம் பாதிப் பேர் கொட்டையைப் பறிகொடுத்தார்கள். ஒருத்தி ஒரு கட்டம் பாக்கி இருக்கும்போது வாய் தவறி, லிப்ராதோவைத் திட்டிய திட்டில் மண்டபமே அதிர்ந்தது. மூன்றாவது வாரம் உட்கார இடமில்லை, வாகனம் நிறுத்துமிடத்தில் மேசை போட்டார்கள். லிப்ராதோ அந்தச் சீட்டை எடுத்துக் கையை உயர்த்தியதும் முந்நூறு தொண்டை ஒரே குரலில், எர்மெனெஹில்டா, என்று கத்தியது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பூல்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்பாரோ அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டத்துக்கு வராதவர்களைத் தேடி இரண்டு பேரும் தெருத் தெருவாக நடந்தார்கள். நூறு டிகிரி வெயில். பெயரைவிடப் பெரிய தொல்லை ஒன்று அங்கே காத்திருந்தது. கதவைத் திறந்த ஒவ்வொருவரும், "நான்தான் மே மாசமே போட்டுட்டேனே" என்றார்கள். ஒரு தேர்தலுக்கு ஒரு வாக்கு, அதைப் போட்டாயிற்று, திரும்பவும் போட்டால் போலீஸ் பிடிக்காதா என்று கேட்டவர்களும் உண்டு. இது இரண்டாம் சுற்று, அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள், இனிமேல்தான் முடிவே என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கினார்கள். பூல்காவின் தொண்டை கட்டிப்போனது.

தோன் செக்குந்தினோ என்று ஒரு கிழவர், வெங்காயக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவர் ஒருவரே போதும் பொறுமையைச் சோதிக்க.

"நான் பூல்காவுக்குத்தான் போடுவேன். வேற எவளுக்கும் போடமாட்டேன்" என்றார்.

"தாத்தா, சீட்டுல எர்மெனெஹில்டான்னு இருக்கும்."

"அவ யாரு? எனக்கு அவளைத் தெரியாது."

"நான்தான் தாத்தா அது."

"நீ பூல்கா. என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவ எவளோ உன் பேர்ல பூந்துக்கப் பாக்கறா, ஜாக்கிரதையா இரு."

அம்பாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். பூல்கா முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்தாள். தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் காட்டினாள். பிறந்த நாள் ஏப்ரல் பதின்மூன்று, புனிதர் எர்மெனெஹில்டோ, அம்மா, நாட்காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யோசிக்கிறேன் என்றார். வெளியே வரும்போது, இந்தத் தப்பு மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் இந்நேரம் எவ்வளவு வீடு முடித்திருக்கலாம் என்று பூல்கா தானாகவே சொன்னாள். அதற்கு அம்பாரோ, இப்போது புலம்பி என்ன, நட என்றாள்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை வந்தது. வேட்பாளரும் அவர் ஆட்களும் சாவடி வாசலிலிருந்து நூறு அடிக்கு அப்பால்தான் நிற்கவேண்டும். உள்ளே யார் பெயரையும் யாரும் உச்சரிக்கக்கூடாது, அதிகாரிகளும் சொல்லித்தரக்கூடாது. தெற்குப் பக்கப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, எல்லை காட்ட நட்ட கொடிக்கு இந்தப் பக்கம், பூல்கா காலை ஏழு மணியிலிருந்து குடையோடு நின்றாள். வருகிற வண்டிகள் எல்லாம் வேகம் குறைத்துக் கண்ணாடியை இறக்கி அவள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுப் போயின. சில பேர் பாதியில் தடுக்கினார்கள். ஒரு வண்டி திரும்பி வந்து, சரியாகச் சொல்லிவிட்டுப் போனது. காசா பணமா, ஒரு பெயர்தானே என்று தோன்றும். அவள் அன்று பகல் முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

மூன்று மணி சுமாருக்கு தோன் செக்குந்தினோ வந்தார். உள்ளே போய் வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்து, வெயிலில் மெதுவாக நடந்து அவள் குடைக்குள் நுழைந்துகொண்டார்.

"உள்ள அந்த ஆபீசர் பொம்பளை எதுவுமே சொல்லமாட்டேனுட்டா" என்றார். "நானே எழுத்துக்கூட்டிப் படிச்சுப் போட்டேன். அந்த எர்மெனெஹில்டா நீதான்னா, உங்கம்மா நல்ல பேரா வெச்சிருக்கா. சும்மா சொல்லக் கூடாது."

ஏழு மணிக்குச் சாவடி மூடினார்கள். ஜூனில் எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். நகரமன்ற வாசல் புல்வெளியில் பாதி ஊர் கூடியிருந்தது. பனிக்கூழ் வண்டிக்காரனுக்கு நல்ல வியாபாரம். எழுத்தர் பெண் ஒலிபெருக்கி முன்னால் வந்து ஒவ்வொரு சாவடியாக வாசித்தாள். வடக்கில் டாக்டர் தூக்கிக்கொண்டு போனார். நடுவூரில் சரிசமம். தெற்குப் பக்கத்து முதல் சாவடி வந்ததும் இடைவெளி குறைந்தது, இரண்டாவதில் இன்னும் குறைந்தது. லிப்ராதோ பூல்காவின் கையைப் பிடித்த பிடியில் அவளுக்கு விரல் மரத்துவிட்டது. கடைசிச் சாவடி பள்ளிக்கூடம். எழுத்தர் பெண் காகிதத்தை ஒருதடவை பார்த்துவிட்டு, மறுபடியும் பார்த்தாள்.

மொத்தம்: ரமிரோ லெயோஸ், மூவாயிரத்து எண்பத்தாறு. எர்மெனெஹில்டா ஒச்சோவா, மூவாயிரத்து நூற்று இருபத்தேழு. மேயருக்குக் குறிக்காமல் விட்ட சீட்டுகள், ஆறு.

ஊர் முழுவதிலும் ஆறே ஆறு. அம்பாரோ அந்த எண்ணைக் கேட்டதும் புல்லில் அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யார் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தது நாற்பத்தொரு வாக்கில் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. தெற்கில் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிட்டது, அதுதான் பேச்சு. நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு என்னவோ என் சொந்தப் பெயரையே யாரோ வாசித்தது போல நெஞ்சு நிமிர்ந்தது.

அந்தக் கூச்சலுக்கு நடுவே பூல்காவின் கைப்பேசி அடித்தது. டாக்டர் லெயோஸ். ஒற்றைக் காதை விரலால் அடைத்துக்கொண்டு, கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவரோரம் ஒதுங்கிப் போய்ப் பேசினாள்.

"திருமதி எர்மெனெஹில்டா ஒச்சோவா" என்றார் அவர். ஓர் எழுத்தும் தடுக்கவில்லை, பழகி வைத்திருக்கவேண்டும். "வாழ்த்துக்கள். மனசாரச் சொல்றேன். ரேடியோவுல அன்னிக்கு நான் பேசினது தப்பு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். முன்பக்கத்தில் ஊர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"ரொம்ப நன்றி டாக்டர்" என்றாள். "இனிமே நீங்க என்னைப் பூல்கான்னே கூப்பிடலாம்."